அக்ரிலிக் மீன் தொட்டிக்கு எந்தக் கரைப்பான்? ஒட்டிய மூட்டு தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

12 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரத்தில் ஒரு தொட்டி கட்டப் போகிறீர்கள். கையில் குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன், அசிட்டோன் மூன்றும் இருக்கின்றன. எதில் ஒட்டினால் பிடிப்பு அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: "ஒட்டின பிறகு தண்ணீர் ஊற்றலாம் என்று எதை வைத்து முடிவு செய்வது?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். 400 லிட்டருக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் நிற்கப் போகிறது, அந்தக் கவலை நியாயமானதே. நான் படித்தது வேதியியல். பதினெட்டு வருடமாகச் செய்வது அக்ரிலிக் வேலை. முதல் கேள்விக்கு வேதியியலை வைத்துப் பாதி பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதியை உங்கள் தகட்டின் வெட்டுத்துண்டுகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், இது பசை வேலை இல்லை. பசை என்றால் இரண்டு பரப்புகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பொருள் உட்கார்ந்து பிடிக்கும். கரைப்பான் அப்படி உட்காராது. அக்ரிலிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தளர்த்தும். தளர்ந்த இரண்டு ஓரங்களும் தொட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கத்துச் சங்கிலிகள் அந்தப் பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்ளும். அப்புறம் கரைப்பான் மெல்ல வெளியேறிவிடும், எஞ்சுவது அக்ரிலிக் மட்டும். அதனால் மூட்டின் பலத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சங்கிலிகள் எவ்வளவு ஆழத்துக்குத் தளர்ந்தன, எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தன, கரைப்பான் எவ்வளவு முழுமையாக வெளியேறியது. பாட்டிலில் எழுதியிருக்கும் பெயர் இந்த மூன்றையும் பாதிக்கிற காரணங்களில் ஒன்றுதான்.

புத்தகங்களில் கரைதிறன் அளவுரு என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். கரைப்பானின் எண்ணும் பிளாஸ்டிக்கின் எண்ணும் நெருங்கி இருந்தால் கரையும் என்பது விதி. அக்ரிலிக்குக்குச் சுமார் 19. குளோரோஃபார்முக்கும் 19, டைகுளோரோமீத்தேனுக்கு 20, அசிட்டோனுக்கும் 20. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஒட்டிப் பார்த்தால் அசிட்டோன் மூட்டு மற்ற இரண்டின் பக்கத்தில்கூட நிற்காது. காரணம், குளோரோஃபார்மிலும் டைகுளோரோமீத்தேனிலும் உள்ள ஹைட்ரஜன், அக்ரிலிக்கின் எஸ்டர் தொகுதியில் இருக்கும் ஆக்சிஜனோடு லேசாகக் கைகோர்க்கும். அதனால் அவை சீக்கிரம் உள்ளே இறங்குகின்றன. அசிட்டோனுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மேலும் அது தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரத்தில் அழுத்தம் தேங்கியிருந்தால் மயிரிழை விரிசலையும் கிளப்பிவிடும். அசிட்டோனைத் தொட்டிக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். கருவிகளைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இரண்டு. டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை சுமார் 40 டிகிரி, குளோரோஃபார்முக்கு 61. இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். டைகுளோரோமீத்தேன் வேகமாகக் கரைக்கும், வேகமாகப் பறந்தும் விடும். பறக்கும்போது ஓரத்தின் வெப்பத்தை உறிஞ்சிக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அந்தக் குளிர்ந்த ஓரத்தில் பனி படிந்ததுபோல் ஈரம் இறங்கி, மூட்டு பால் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படிப் பூத்த மூட்டின் பிரச்சினை அழகு மட்டும் இல்லை, அது பலவீனமான மூட்டு. மழை நாளில் ஒட்டாதீர்கள் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான். குளோரோஃபார்ம் கொஞ்சம் நிதானமானது. 120 செ.மீ. நீள மூட்டில் ஊசியோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர அது அவகாசம் கொடுக்கும். எத்திலீன் டைகுளோரைடு என்று இன்னொன்று உண்டு, கொதிநிலை 84. அது இன்னும் மெதுவானது, குமிழிகள் குறையும், ஆனால் பலம் ஏற நாளாகும். வெல்ட்-ஆன் 4 போல விற்பனைக்கு வரும், தண்ணீர்போல ஓடும் கரைப்பான்கள் பெரும்பாலும் வேகமான ஒன்றையும் மெதுவான ஒன்றையும் சேர்த்த கலவைகள்தான். அந்தக் கலவைகளின் சேர்மானம் காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறிவந்திருக்கிறது. ஆகவே பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய அனுபவம் இன்றைய பாட்டிலுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இடத்தில் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டைகுளோரோமீத்தேன் உடலுக்குள் போனால் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் நீண்ட நேரம் அதோடு வேலை செய்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். சாதாரண நைட்ரைல், லேட்டக்ஸ் கையுறைகளை அது ஓரிரு நிமிடங்களில் ஊடுருவிவிடும். கரி வடிகட்டி போட்ட முகமூடியும் அதை அதிக நேரம் தடுக்காது. ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். தொட்டிக்குள் தலையை விட்டு அடி மூட்டைப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. அங்கேதான் ஆவி குளம்போல நிற்கும். அமெரிக்கா 2024-இல் இதைச் சாதாரண நுகர்வோருக்கு விற்பதையே தடை செய்தது. குளோரோஃபார்மும் சாது இல்லை. கல்லீரலைத் தாக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு நாளானால் அதில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பாதி காலியாகி, எப்போது திறந்தது என்றே தெரியாத குளோரோஃபார்ம் பாட்டில் உங்களிடம் இருந்தால் அதைத் தொட வேண்டாம். நாலு பக்கமும் காற்றோட்டமான இடத்தில், காற்று உங்கள் முதுகிலிருந்து வேலையை நோக்கிப் போகும்படி நின்று, தேவையான அளவை மட்டும் எடுத்து, உடனே மூடிவிடுங்கள். இது முடியாத இடம் என்றால் ஒட்டும் வேலையை வசதி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவதே சரி.

இப்போது தகடு. வார்த்த அக்ரிலிக் ஒரு ரகம், இயந்திரத்தில் பிழிந்து எடுத்த அக்ரிலிக் இன்னொரு ரகம். வார்த்ததில் மூலக்கூறுச் சங்கிலிகள் பல மடங்கு நீளம். கரைப்பான் மெதுவாகவே இறங்கும், ஆனால் பின்னிய பிறகு பிடிப்பு உறுதியாக இருக்கும், மயிரிழை விரிசலும் எளிதில் வராது. பிழிந்தது சீக்கிரம் கரையும், சீக்கிரம் விரிசலும் விடும். தொட்டிக்கு வார்த்ததுதான் வேண்டும். எது என்று சந்தேகமாக இருந்தால் ரவுட்டரில் (சுழலும் கத்தியால் ஓரம் சீவும் மின்கருவி) ஒரு ஓரத்தைச் சீவிப் பாருங்கள். வார்த்தது உலர்ந்த செதிலாக உதிரும், பிழிந்தது சூட்டில் இளகி இழை இழையாகப் பிசுபிசுக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. வார்த்த தகட்டின் தடிமன் இடத்துக்கு இடம் சற்று மாறும், பிழிந்தது எங்கே அளந்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

ஓரத்தை எப்படிச் சீவினீர்கள் என்பது எந்தக் கரைப்பான் என்பதைவிட முக்கியம். எத்தனையோ மூட்டுகள் பிரிந்ததைப் பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன். இந்தக் கரைப்பான்கள் இடைவெளியை நிரப்பாது. காகிதத் தடிமன் இடைவெளி இருந்தாலும் அங்கே குமிழிதான் மிஞ்சும். ரம்பம் வெட்டிய ஓரத்தில் வரிகள் இருக்கும், அப்படியே ஒட்ட முடியாது. கூரான கத்தி போட்ட ரவுட்டரில் மெல்லிய சீவலாக இரண்டு தடவை ஓட்டுங்கள். லேசரில் வெட்டிய ஓரமும் தீயில் மெருகேற்றிய ஓரமும் கண்ணாடிபோல மின்னும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் சூட்டினால் உள்ளே அழுத்தம் தேங்கியிருக்கும், கரைப்பான் பட்டதும் நொடிகளில் மயிரிழைகள் ஓடும். அந்த ஓரத்தைச் சீவித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் தகட்டை 80 டிகிரிக்கு மெதுவாகச் சூடாக்கி, சில மணி நேரம் வைத்து, மெதுவாகவே ஆறவிட வேண்டும். அழுத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: வெட்டுத்துண்டின் ஓரத்தில் எத்தில் அசிட்டேட் தடவிச் சில நிமிடம் காத்திருந்து சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தம் இருந்தால் வெள்ளி நூல்போலக் கோடுகள் தெரியும். அந்தத் துண்டு சோதனைக்கு மட்டும்தான், தொட்டியில் போடக் கூடாது. ஒட்டும் முன் ஓரத்தை ஸ்பிரிட்டால் அழுந்தத் துடைப்பதும் ஆபத்துதான், அதுவும் அழுத்தமுள்ள ஓரத்தில் விரிசல் கிளப்பும். உலர்ந்த மென்துணி போதும்.

12 மி.மீ. தகட்டுக்கு நான் கம்பி முறையில் ஒட்டுகிறேன். அடித்தகட்டின் மேல் பக்கத் தகட்டை நிற்கவைத்து, நடுவில் பத்து செ.மீ.க்கு ஒன்றாக 0.2 மி.மீ. அளவுள்ள மெல்லிய கம்பிகளைச் செருகி வைப்பேன். பிறகு ஊசி முனைப் பாட்டிலால் உள்பக்க ஓரமாகக் கரைப்பானை விட்டுக்கொண்டே போவேன். நுண்புழை ஏற்றத்தால் அது தானாகவே உள்ளே பரவும். கூர்ந்து பார்த்தால் அது போவது கண்ணுக்குத் தெரியும். சீவிய ஓரம் அதுவரை மங்கலான சாம்பல் நிறப் பட்டையாக இருக்கும். கரைப்பான் தொட்ட இடம் சட்டென்று தெளிந்து கண்ணாடியாகும். அந்தத் தெளிவு ஊசிக்குச் சற்றுப் பின்னால் வழவழவென்று ஓடி வரும். எங்காவது வெள்ளித் திட்டு மிஞ்சினால் அங்கே காற்று நிற்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒரு சொட்டு விட வேண்டும். கம்பி கொடுத்த இடைவெளியில் இரண்டு ஓரங்களும் கொஞ்ச நேரம் ஊறும். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டால் தகடு தன் எடையிலேயே இறங்கி உட்காரும். மேலே பாரம் ஏற்றிக் கிளாம்பு போட்டு நசுக்காதீர்கள், இளகிய அடுக்கு பிதுங்கி வெளியே போய்விடும். எத்தனை நொடி ஊறவிடுவது? 20, 40, 60 நொடி என்று மூன்று வெட்டுத்துண்டுகளில் செய்து பாருங்கள். கரைப்பான், தகடு, அன்றைய வெப்பம் மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும், அதனால் என் எண் உங்களுக்கு உதவாது. பாட்டில் பாலித்தீனாக இருக்கட்டும். சாதாரண ஊசிச் சிரிஞ்சின் ரப்பர் உருளை இந்தக் கரைப்பான்களில் ஊதி நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

சரி, சோதனைக்கு வருவோம். உங்கள் தொட்டியின் முன்பக்கத் தகட்டில் தண்ணீர் தள்ளும் மொத்த விசை ஏறத்தாழ 2100 நியூட்டன், அதாவது 215 கிலோ எடை. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு அடி மூட்டுக்குப் போகிறது என்று வைத்து மூட்டின் பரப்பால் வகுத்தால் 0.1 மெகாபாஸ்கல்தான் (ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்) வருகிறது. எந்தக் கரைப்பான் மூட்டும் அதைத் தாங்கும். மூட்டைப் பிரிப்பது அந்த நேர் விசை இல்லை, தகடு வெளிப்பக்கம் வளைவதுதான். வளையும்போது அடி மூட்டின் உள்விளிம்பு நெம்பித் திறக்கப்படுகிறது. மேலே சட்டம் வைத்த தொட்டியில், பக்கத் தகடுகளின் தாங்கலைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் அந்த உள்விளிம்பில் சுமார் 6 மெகாபாஸ்கல் இழுவிசை வருகிறது. மேல் சட்டம் இல்லாவிட்டால் அதே கணக்கில் 15-ஐ நெருங்கும். பக்கத் தகடுகள் பிடிப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்த இரண்டரை மடங்கு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மேல் சட்டம் கட்டாயம் வையுங்கள். கரைப்பானை மாற்றிப் பெறும் லாபத்தைவிட இது பெரியது.

இதை மேசையில் சோதிக்கலாம். தொட்டிக்கு வாங்கிய அதே தகட்டிலிருந்து, அதே ரவுட்டரில் சீவி, 5 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட துண்டுகள் எடுங்கள். அவற்றை அடித்துண்டுகளின் மேல் செங்குத்தாக நிற்கவைத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு கரைப்பானுக்கும் குறைந்தது ஆறு துண்டு வேண்டும். அடித்துண்டை மேசையோடு இறுக்கி, நிற்கும் துண்டின் உச்சியில் கயிறு கட்டி, மேசை விளிம்பு உருளை வழியாக ஒரு வாளியைத் தொங்கவிட்டு மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், முறியும்போது சில்லு தெறிக்கும். இந்த அளவுகளில் வாளியின் ஒவ்வொரு கிலோவும் மூட்டு விளிம்பில் சுமார் 2.5 மெகாபாஸ்கல். ஆக, உங்கள் தொட்டியின் 6 மெகாபாஸ்கல் என்பது இங்கே இரண்டரை கிலோவுக்குச் சமம். ஒரு நாளுக்குப் பிறகு இரண்டு துண்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு இரண்டு, நாலு வாரத்துக்குப் பிறகு இரண்டு என்று முறித்துப் பாருங்கள். நாலாவது வாரத்தில் 8 கிலோவுக்குக் கீழே முறிகிற மூட்டில் நான் தொட்டி கட்டுவதில்லை. இந்த 8 நானே வைத்துக்கொண்ட வரம்பு, எந்தத் தரநிலையிலும் எழுதப்பட்டதில்லை.

எடையைவிட, மூட்டு முறிந்த இடத்தின் முகம்தான் அதிகம் சொல்லும். நல்ல மூட்டில் விரிசல் மூட்டை விட்டு விலகித் தகட்டுக்குள் ஓடியிருக்கும், அல்லது அடித்துண்டிலிருந்து சதையைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். இரண்டு முகங்களும் வழவழவென்று சுத்தமாகப் பிரிந்திருந்தால், வாளியில் எத்தனை கிலோ இருந்திருந்தாலும் சங்கிலிகள் பின்னவில்லை என்று பொருள். ஆரம்ப காலத்தில் நான் கட்டிய ஒரு தொட்டி ஏழு மாதம் நன்றாக நின்றது, பிறகு ஒரு இரவில் பக்க மூட்டு கீழிருந்து ஒரு சாண் திறந்துகொண்டது. திறந்த இடத்தில் ரம்பத்தின் வரிகள் ஒட்டிய அன்று இருந்தபடியே இருந்தன. விரல் நகத்தால் வருடினால் ஒவ்வொரு வரியும் தட்டுப்பட்டது. கரைப்பான் வரிகளின் முகட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அன்றே வெட்டுத்துண்டை முறித்துப் பார்த்திருந்தால் அந்த முகம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

வேகமாக முறிப்பது ஒரு சோதனை. தொட்டியோ வருடக்கணக்கில் மெல்லிய பாரத்தில் நிற்கப்போகிறது. பிளாஸ்டிக்குக்கு இந்த இரண்டும் வேறு வேறு. அதனால் வேறு இரண்டு துண்டுகளில் தலா 5 கிலோ தொங்கவிட்டு, மூட்டின் மேல் ஈரத்துணி சுற்றி, ஒரு மாதம் அப்படியே விடுங்கள். தொட்டியில் வருவதைப்போல இரண்டு மடங்கு பாரம் அது. வாரம் ஒருமுறை துணியை விலக்கி, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து உள்விளிம்பைப் பாருங்கள். மயிரிழைகள் தொடங்கியிருந்தால் அந்தக் கரைப்பான், அந்த ஓரம், அந்த ஊறும் நேரம் மூன்றில் ஒன்று சரியில்லை.

எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்பதற்குத் தராசு பதில் சொல்லும். 0.01 கிராம் காட்டும் தராசில், ஒட்டிய ஒரு சிறு துண்டையும் ஒட்டாத அதே அளவுத் துண்டையும் தினமும் நிறுத்து எழுதுங்கள். ஒட்டாத துண்டு எதற்கு என்றால், அக்ரிலிக் காற்றின் ஈரத்தை எடுத்தும் விட்டும் எடை மாறும், அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒட்டியது எடை குறைந்துகொண்டே இருக்கும்வரை கரைப்பான் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. 12 மி.மீ. மூட்டில் நடுப்பகுதிக் கரைப்பான் வெளியேற வாரக்கணக்காகும். வாசனை போய்விட்டது என்பது எந்த ஆதாரமும் இல்லை. நான் நாலு வாரம் காத்திருக்கிறேன். பிறகு தொட்டியை வெட்டவெளியில் வைத்து, ஒரு நாளைக்குக் கால் பங்காக நாலு நாளில் நிரப்பி, ஒரு வாரம் நிற்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை நிரப்பிக் கொட்டிய பிறகே மீன் விடுவேன். மூட்டு தாங்கும் என்பதைச் சோதனை காட்டும். மீனுக்கு எஞ்சிய கரைப்பான் எந்த அளவில் கெடுதல் என்பதை இந்தச் சோதனைகள் எதுவும் காட்டாது. அதற்குத்தான் இந்தக் கூடுதல் தண்ணீர் மாற்றங்கள்.

ஓரம் எவ்வளவு சீவியும் பொருந்தவில்லை, அரை மி.மீ. இடைவெளி தெரிகிறது என்றால் கரைப்பானை விட்டுவிடுங்கள். இரண்டு பாகமாக வரும் மோனோமர் பசை, உதாரணத்துக்கு வெல்ட்-ஆன் 40, அந்த இடைவெளியில் ஊற்றி அங்கேயே பாலிமராக இறுகும் வகை. பெரிய மீன் காட்சியகங்களின் தடித்த சுவர்களும் இதே வழியில்தான் சேர்க்கப்படுகின்றன. அக்ரிலிக் செதில்களைக் குளோரோஃபார்மில் கரைத்துக் கூழாக்கி இடைவெளியில் அடைப்பதைப் பலர் செய்கிறார்கள். அது கரைப்பானை மாதக்கணக்கில் சிறைப்பிடிக்கும், சுருங்கும், குமிழி விடும். உள்மூலையில் மெல்லிய கூடுதல் வரியாக வைக்கலாம், பாரம் தாங்க அதை நம்பக் கூடாது.

கடைசியாக, எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதச் சோதனை பத்து வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பெர்லினில் சுமார் 10 லட்சம் லிட்டர் கொண்ட அக்வாடோம் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அதிகாலையில் வெடித்துக் கொட்டியது. உடைந்த துண்டுகளை மாதக்கணக்கில் ஆராய்ந்தும் நிபுணர்களால் ஒரே காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒட்டு மூட்டு விட்டிருக்கலாம், அடிப்பகுதியில் விழுந்த வெட்டுத்தடம் காரணமாக இருக்கலாம், பழுதுபார்க்கும்போது தண்ணீரில்லாமல் காய்ந்ததால் அக்ரிலிக்கில் அழுத்தம் ஏறியிருக்கலாம் என்று மூன்று சாத்தியங்களைத்தான் வைத்தார்கள். அந்த மூன்றாவது உங்களுக்கும் பொருந்தும். அக்ரிலிக் நாளடைவில் தன் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் தண்ணீரை உறிஞ்சி லேசாக உப்பும். நீண்ட நாள் நிறைந்திருந்த தொட்டியைக் காலி செய்து வெயிலில் மாதக்கணக்கில் காயவிட்டால் மேற்பரப்பு முதலில் சுருங்கி இழுபடும், மூட்டோரங்களில் மயிரிழைகள் வர வாய்ப்புண்டு. காலி செய்ய நேர்ந்தால் நிழலில் வையுங்கள், திரும்ப நிரப்பும் முன் அடியிலுள்ள நாலு மூட்டுகளையும் கைவிளக்கால் பாருங்கள். உயரம் 60 செ.மீ.யைத் தாண்டினால் என் கணக்கை வைத்துத் தொடர வேண்டாம், அமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். இப்போதைக்குக் குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் இரண்டிலும் ஆறு ஆறு துண்டு ஒட்டி வையுங்கள். முதல் இரண்டை முறித்ததும் முறிந்த முகத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.